“இந்த முறை அப்பாவைக் கூப்பிடுங்கள்!”

நியூயார்க் நகரம். 1970-களில் ஒரு நாள்.

சட்டக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தமது அறையில் உட்கார்ந்து இருந்தார். இரவு முழுவதும் கண் விழித்து வழக்கு எழுதிய களைப்பு. டெலிபோன் மணி அடித்தது.

மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருந்துதான் அழைப்பு. பையன் ஏதோ குறும்பு செய்துவிட்டான். அம்மா உடனே வர வேண்டுமாம்.

இப்படி அழைப்பு வருவது அது முதல் தடவை அல்ல. மாதம் ஒரு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்குத்தான் வரும். பையனுக்கு அப்பா இல்லையா? இருந்தார். அவரும் அதே நகரத்தில் பெரிய வக்கீல். ஆனால் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

அன்று அம்மாவின் பொறுமை எல்லை கடந்தது.

இந்தப் பையனுக்குப் பெற்றோர் இரண்டு பேர் இருக்கிறோம். இனி ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்கள், அடுத்த தடவை அவரைக் கூப்பிடுங்கள். இந்த முறை அப்பாவின் முறை என்று சொல்லிவிட்டார்.

அப்பா வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே ஆசிரியர்கள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்து இருந்தார்கள். பையன் செய்த குற்றம் என்ன தெரியுமா? அந்தப் பள்ளிக்கூடத்தில் கையால் ஓட்டும் பழைய லிப்டு ஒன்று உண்டு. அதை ஓட்டுகிறவர் வெளியே போன சமயம் பார்த்து, சின்னஞ்சிறு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு உச்சி மாடிக்குப் போய்விட்டான். “லிப்டைத் திருடிவிட்டான்” என்று குற்றம் சாட்டினார்கள்.

திருடி எவ்வளவு தூரம் கொண்டு போயிருப்பான் என்று கேட்டாராம் அப்பா!

அன்று முதல் ஓர் அதிசயம் நடந்தது. மாதம் ஒரு தடவை வந்த அழைப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவதே அபூர்வம் ஆயிற்று. பையன் திருந்திவிட்டானா? அதெல்லாம் இல்லை. பழைய குறும்பன்தான். ஆனால் ஓர் ஆண்பிள்ளையை வேலையில் இருந்து எழுப்பிக் கூப்பிடப் பள்ளிக்கூடத்தார் தயங்கினார்கள். ஒரு பெண்ணின் வேலையைக் கெடுப்பதற்கு அந்தத் தயக்கம் அவர்களுக்கு இல்லை.

அந்த அம்மாவின் பெயர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். பிற்காலத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகி, 27 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவர். அப்பாவின் பெயர் மார்ட்டின் கின்ஸ்பர்க். வருமான வரிச் சட்டத்தில் அமெரிக்காவின் பெரிய நிபுணர்களில் ஒருவர்.

வேலைக்குப் போகும் மனைவிக்குக் கணவர் எப்படித் துணை நிற்கலாம்? இவர்கள் கதையைப் பார்ப்போம்.

தாயின் ஆசை

ரூத் 1933-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பணக்காரக் குடும்பம் அல்ல. தந்தை ரஷ்யாவில் இருந்து பிழைக்க வந்த யூதர்.

தாயார் சீலியா கெட்டிக்காரப் பெண். ஆனால் அவர் கல்லூரிக்குப் போகவில்லை. அவருடைய அண்ணன் போனார்! அண்ணனின் படிப்புச் செலவுக்காகத் தங்கை ஆயத்த உடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார்.

தனக்குக் கிடைக்காத படிப்பு மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று சீலியா ஆசைப்பட்டார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். ஆனால் மகள் கல்லூரிக்குப் போவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. புற்றுநோய் வந்தது. 1950-ல் ரூத் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கும் விழாவுக்கு முதல் நாள், தாயார் கண்ணை மூடிவிட்டார். விழாவுக்கு மகள் போகவில்லை.

அறிவைப் பார்த்த வாலிபர்

அந்த ஆண்டே ரூத் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மார்ட்டினைச் சந்தித்தார். மார்ட்டின் ஒரு வகுப்பு மேலே படித்தவர்.

இருவரும் இரு துருவங்கள். ரூத் கூச்ச சுபாவம் உள்ளவர். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பு நாலு தடவை யோசிப்பார். மார்ட்டின் கலகலப்பானவர். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அந்தக் காலத்து அமெரிக்காவில், கல்லூரிப் பெண் தனது புத்திசாலித்தனத்தை மறைத்துக்கொள்வதுதான் நாகரிகம்! அதிகம் படிக்கிற பெண்ணை ஆண்கள் விரும்ப மாட்டார்கள் என்ற எண்ணம். தனக்கு மூளை இருக்கிறது என்பதைப் பொருட்படுத்திய முதல் வாலிபர் மார்ட்டின்தான் என்று ரூத் அம்மையார் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லி இருக்கிறார்.

கணவனும் மனைவியும் ஒரே தொழிலில் இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் புரிந்துகொள்ளலாம், வீட்டிலும் பேசிக்கொள்ளலாம் அல்லவா? எந்தத் தொழில்? டாக்டர் படிப்பு வேண்டாம். ஏனென்றால், ரசாயன வகுப்பு நேரமும் மார்ட்டினின் கோல்ப் விளையாட்டு நேரமும் மோதின! வியாபாரப் படிப்பும் முடியாது. ஹார்வர்டு வியாபாரக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது சட்டம்.

இப்படித்தான் அமெரிக்காவுக்கு ஒரு நீதிபதி கிடைத்தார்.

மாமியார் சொன்ன யோசனை

1954-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி மார்ட்டினின் வீட்டில் திருமணம் நடந்தது. சடங்கு தொடங்குவதற்குச் சற்று முன்னால் மாமியார் மருமகளைத் தனியே அழைத்தார். நல்ல குடும்ப வாழ்க்கையின் ரகசியம் ஒன்றைச் சொல்லப்போவதாகக் கூறினார்.

சில சமயங்களில் காது கொஞ்சம் மந்தமாக இருப்பது நல்லது. அதுதான் ரகசியம்! சொன்னதோடு நிற்காமல், காதில் வைத்துக்கொள்ளும் அடைப்பான் ஒரு ஜோடியையும் மருமகள் கையில் கொடுத்தார்.

கோபத்தில் ஒருவர் சொல்லும் சுடுசொல்லை மற்றவர் காதில் வாங்கக்கூடாது என்பது இதன் கருத்து. 56 ஆண்டு குடும்ப வாழ்க்கையில் மட்டும் அல்ல, சுப்ரீம் கோர்ட்டில் சக நீதிபதிகளிடமும் இதே முறையைத்தான் ரூத் கடைப்பிடித்தார்.

மாமனாரும் சளைத்தவர் அல்ல. சட்டம் படிக்கப் போகும் முன்பே ரூத் கர்ப்பிணி ஆனார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது என்று கலங்கினார். மாமனார் அவரிடம் பேசினார். படிக்க விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடு, உன்னை ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆனால் உண்மையாகவே விருப்பம் இருந்தால் கவலைப்படுவதை நிறுத்து, வழி கண்டுபிடி என்றார்.

நம் ஊரிலும் எத்தனையோ பெண்களின் படிப்பு மாமனார் சொல்லும் ஒரு வார்த்தையில் நின்றும் இருக்கிறது, தொடர்ந்தும் இருக்கிறது.

தட்டில் இருந்தது என்ன?

திருமணம் ஆனவுடன் மார்ட்டினுக்கு ராணுவ சேவை. ஓக்லகோமா மாகாணத்தில் பீரங்கிப் படை முகாமில் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். மனைவியும் கூடப் போனார்.

அங்கே ரூத்துக்கு ஒரு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. தேர்வு எழுதி வாங்கிய உத்தியோகம். ஆனால் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னதும், அதைவிடக் குறைந்த டைப் அடிக்கும் வேலைக்கு அவரை இறக்கிவிட்டார்கள். வயிற்றில் குழந்தை இருந்தால் மூளை வேலை செய்யாது என்று நினைத்தார்களோ, என்னவோ!

இந்த முகாமில்தான் இன்னொரு சம்பவமும் நடந்தது.

இளம் மனைவி ஒரு நாள் மீனில் ஒரு பலகாரம் செய்து பரிமாறினார். தட்டில் இருப்பது என்ன என்று கணவர் கேட்க வேண்டி இருந்தது. அவ்வளவு மோசம்! ரூத்துக்குச் சமையல் வராது. அவரே அதை மறைத்தது இல்லை.

வேறு கணவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? தட்டை விசிறி எறிந்திருப்பார். அல்லது தன் அம்மாவின் சமையலைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருப்பார். மார்ட்டினால் அதுவும் முடியாது. ஏனென்றால், அவருடைய அம்மாவுக்கும் சமையல் வராது!

திருமணப் பரிசாக உறவினர் ஒருவர் கொடுத்த தடித்த சமையல் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. எஸ்காபியே என்ற புகழ் பெற்ற பிரெஞ்சு சமையல் நிபுணர் எழுதியது. மார்ட்டின் அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடமாகச் செய்து பழகினார். ரசாயனம் படித்தவர் அல்லவா? அளவு தவறாமல், பொறுமையாகச் செய்தார்.

ஓக்லகோமாவை விட்டுக் கிளம்பும்போது அவர் நல்ல சமையல்காரர் ஆகி இருந்தார். பிறகு ரொட்டி சுடுவது முதல் விருந்து சமைப்பது வரை அவர் கைக்கு வராதது இல்லை.

500 ஆண்கள், 9 பெண்கள்

1956-ல் ரூத் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். மார்ட்டின் அங்கே ஏற்கெனவே ஓராண்டு படித்து, இடையில் ராணுவத்துக்குப் போனவர். மகள் ஜேனுக்கு 14 மாதம்.

ரூத்தின் வகுப்பில் மாணவர்கள் 500 பேருக்கு மேல். பெண்கள் 9 பேர்.

கல்லூரித் தலைவர் எர்வின் கிரிஸ்வால்டு அந்த 9 பேரையும் தமது வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார். ஓர் ஆணுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்து இருக்கிறீர்களே, ஏன்?

ரூத் மென்று விழுங்கினார். என் கணவர் மேல் வகுப்பில் படிக்கிறார். அவர் வேலையைப் புரிந்துகொள்வதற்காகப் படிக்கிறேன் என்று எதையோ சொல்லித் தப்பினார். இந்த கிரிஸ்வால்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருகிறார்.

ரூத்தின் தினசரி வாழ்க்கை இப்படி: மாலை 4 மணி வரை குழந்தையை ஆயா பார்த்துக்கொள்வார். அது வரை வகுப்பு, நூலகம். 4 மணிக்குப் பிறகு குழந்தையோடு விளையாட்டு, சாப்பாடு, தூக்கம். குழந்தை தூங்கியதும் மறுபடியும் புத்தகம்.

ஆயா வைக்க வசதி இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வசதி எல்லா வீட்டிலும் இருக்காது.

இரவு 2 மணிக்குப் படிப்பு

அடுத்த ஆண்டு இடி விழுந்தது. மார்ட்டினுக்குப் புற்றுநோய்! வயது 25-தான். பிழைப்பது அரிது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. பிறகு கதிர்வீச்சு சிகிச்சை.

ரூத் அழுதுகொண்டு உட்காரவில்லை. கணவரின் வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவர்களிடம் போய், பாடக் குறிப்பு எழுதும்போது கார்பன் தாள் வைத்து ஒரு பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார். அவர்களும் உதவினார்கள்.

சிகிச்சை முடிந்து வரும் மார்ட்டினால் பகலில் எதுவும் சாப்பிட முடியாது. நள்ளிரவு வாக்கில்தான் கொஞ்சம் சாப்பாடு இறங்கும். அப்போது மனைவி சமைத்துக் கொடுப்பார். (அந்தச் சமையலைச் சாப்பிட்டும் அவர் பிழைத்தார்!) பிறகு கணவர் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவருடைய கட்டுரையை ரூத் டைப் அடிப்பார். மணி 2 ஆகும். கணவர் தூங்குவார். அதன் பிறகு ரூத் தமது பாடத்தைத் திறப்பார். ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

அந்தப் பருவத்தில் மார்ட்டின் வகுப்புக்குப் போனது இரண்டே வாரம்தான். ஆனால் தேர்வில் அவர் அதுவரை வாங்காத நல்ல மார்க் வாங்கினார். 1958-ல் பட்டமும் பெற்றார். நோயும் விலகியது.

பிற்காலத்தில் மார்ட்டின் மனைவிக்காகச் செய்ததை எல்லாம் பலரும் புகழ்கிறார்கள். முதலில் கொடுத்தது யார் என்று பார்த்தால், இந்த ராத்திரிகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

முதல் மார்க், ஆனால் வேலை இல்லை!

மார்ட்டினுக்கு நியூயார்க்கில் வக்கீல் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. குடும்பம் பிரியக்கூடாது என்று ரூத் கடைசி ஆண்டுப் படிப்பை நியூயார்க்கிலேயே கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்தார். 1959-ல் வகுப்பிலேயே முதல் இடம். இன்னொரு மாணவரும் அதே மார்க் வாங்கியதால் முதல் இடத்தை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் நியூயார்க்கில் எந்த வக்கீல் நிறுவனமும் ரூத்துக்கு வேலை கொடுக்கவில்லை! அவர் யூதர். அதை மன்னிப்பார்கள். அவர் பெண். அதையும் சிலர் மன்னிப்பார்கள். நாலு வயதுக் குழந்தைக்குத் தாயார் வேறு! அதை மன்னிக்க ஒருவரும் தயாராக இல்லை. கடைசியில், அவருடைய பேராசிரியர் வற்புறுத்திய பிறகே, நீதிபதி ஒருவர் தம்மிடம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ரூத் சுவீடன் நாட்டுச் சட்டத்தை ஆராயும் வேலையை ஏற்றார். அதற்காக சுவீடிஷ் மொழியையே கற்றுக்கொண்டார். அந்த நாட்டுக்கும் போனார். பள்ளிக்கூடத்தில் படித்த மகளை மார்ட்டின் சில வாரம் தனியாகப் பார்த்துக்கொண்டார். ஒரு தகப்பன் இப்படிச் செய்வது அன்றைய அமெரிக்காவில் அபூர்வம்.

1963-ல் ரட்கர்ஸ் சட்டக் கல்லூரியில் ரூத் ஆசிரியை ஆனார். ஆண் ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு. காரணம் கேட்டார். உங்கள் கணவருக்குத்தான் நல்ல வேலை இருக்கிறதே என்று பதில் வந்தது. 1965-ல் மகன் ஜேம்ஸ் வயிற்றில் இருந்தபோது, விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, மாமியாரின் தொளதொள உடைகளை வாங்கி அணிந்துகொண்டு பாடம் நடத்தினார். மாமியார் உடை பருமனாக இருந்தது நல்லதாகப் போயிற்று!

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இருந்தே மார்ட்டின் பாதிச் சுமையைச் சுமந்தார் என்று நினைத்துவிடக்கூடாது. வக்கீல் நிறுவனத்தில் பங்குதாரர் ஆவதற்காக அவர் இரவு பகலாக உழைத்த ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகளில் வீட்டுச் சுமை பெரும்பாலும் ரூத் மீதுதான் இருந்தது. விடுமுறை நாளிலும் விருந்தாளி வரும்போதும் மார்ட்டின் சமைப்பார். மற்ற நாட்களில் ரூத்தின் கைப்பாகம்தான். ரூத்துக்குச் செய்யத் தெரிந்தது ஏழே ஏழு அயிட்டம். ஏழாவது முடிந்தால் மறுபடி முதலாவது.

1970-ஐ ஒட்டித்தான் நிலைமை மாறியது. பெண்களின் சம உரிமைக்காக ரூத் வழக்கு நடத்தத் தொடங்கினார். மனைவி செய்வது தான் செய்வதைவிடப் பெரிய காரியம் என்பதை மார்ட்டின் உணர்ந்தார். வீட்டுக் கணக்கு மாறியது.

மகள் ஜேனும் ஒரு காரியம் செய்தாள். வளர்ந்த பெண் அல்லவா? அப்பா சமையலுக்கும் அம்மா சமையலுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அம்மா இனிமேல் சமையலறைக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்! அப்பீல் இல்லாத தீர்ப்பு. 1980-க்குப் பிறகு ரூத் சமைக்கவே இல்லை.

பக்கத்து அறையில் இருந்து வந்த வழக்கு

1970-ல் ஓர் இரவு. வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருவரும் வேலை செய்துகொண்டு இருந்தார்கள். பெரிய அறை ரூத்துக்கு. மார்ட்டின் வருமான வரித் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டு இருந்தார். ஒரு தீர்ப்பில் கண் நின்றது.

எழுந்து பக்கத்து அறைக்குப் போய், இதைப் படித்துப் பார் என்று நீட்டினார். வரி வழக்கு படிக்க எனக்கு நேரம் இல்லை என்றார் ரூத். இதைப் படி என்று மேஜையில் வைத்துவிட்டு மார்ட்டின் திரும்பி வந்துவிட்டார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. ரூத் புன்னகையோடு வந்து நின்றார். இந்த வழக்கை நாம் எடுப்போம்!

என்ன வழக்கு அது?

டென்வர் நகரில் சார்லஸ் மாரிட்ஸ் என்று ஒருவர். கல்யாணம் ஆகாதவர். வயதான தாயாரைத் தம்மோடு வைத்துக் காப்பாற்றி வந்தார். வேலை காரணமாக அடிக்கடி வெளியூர் போக வேண்டும். ஆகவே தாயாரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார். அந்தச் செலவில் 600 டாலருக்கு வருமான வரிச் சலுகை கேட்டார்.

கிடையாது என்றது சர்க்கார். தாயாரைக் காப்பாற்றுவது மகளாக இருந்தால் சலுகை உண்டு. மனைவியை இழந்தவர், விவாகரத்து ஆனவர் கேட்டாலும் உண்டு. கல்யாணமே ஆகாத மகனுக்குக் கிடையாது! ஆண்பிள்ளை வீட்டில் இருந்து ஒருவரைக் கவனித்துக்கொள்வான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

சமையலறையில் நின்ற கணவருக்கும், வேலைக்குப் போன மனைவிக்கும் இந்த வழக்கின் அர்த்தம் உடனே புரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

இருவரும் சேர்ந்து அப்பீல் கோர்ட்டில் வாதாடினார்கள். வரிச் சட்டம் பற்றி மார்ட்டின் பேசினார். ஆண், பெண் சமத்துவம் பற்றி ரூத் பேசினார். 1972-ல் தீர்ப்பு வந்தது. மாரிட்ஸ் ஜெயித்தார்.

சர்க்கார் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக மனுப் போட்டது. மனுப் போட்ட சர்க்கார் வக்கீல் யார் தெரியுமா? அந்தப் பழைய கிரிஸ்வால்டு! இந்தத் தீர்ப்பு நிலைத்தால் இன்னும் ஏராளமான சட்டங்கள் செல்லாமல் போய்விடும் என்று அவர் பயம் காட்டினார். அதற்குச் சாட்சியாக, ஆண் ஒரு விதம் பெண் ஒரு விதம் என்று பேதம் செய்யும் சட்டங்களின் பட்டியல் ஒன்றையும் மனுவோடு சேர்த்தார். ராணுவ இலாகாவின் கம்ப்யூட்டரைக் கொண்டு தயாரித்த பட்டியல்.

சுப்ரீம் கோர்ட்டு அந்த மனுவை விசாரணைக்கு எடுக்கவில்லை. ஆனால் பட்டியல் ரூத் கையில் இருந்தது! எந்தெந்தச் சட்டத்தைத் தாக்க வேண்டும் என்று எதிராளியே எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

அதன் பிறகு ரூத் சுப்ரீம் கோர்ட்டில் 6 வழக்குகளில் வாதாடினார். 5-ல் வெற்றி.

அதில் ஒன்று நெஞ்சைத் தொடுவது. ஸ்டீபன் வீசன்பெல்டு என்பவரின் மனைவி பள்ளி ஆசிரியை. குடும்பத்தில் அவருக்குத்தான் வருமானம் அதிகம். 1972-ல் பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டார். ஆண் குழந்தை பிழைத்தது. குழந்தையை நானே வளர்ப்பேன் என்று தகப்பனார் முடிவு செய்து, சர்க்கார் உதவித் தொகை கேட்டார். கணவன் இறந்தால் தாய்க்கு உண்டு. மனைவி இறந்தால் தகப்பனுக்கு இல்லை என்று பதில் வந்தது. அந்த உதவித் தொகைக்குப் பெயரே ‘தாய்மார் உதவி’!

செத்துப்போன அந்த ஆசிரியையும் மற்றவர்களைப்போலத் தன் சம்பளத்தில் பணம் கட்டி வந்தவர்தானே? அவர் கட்டிய பணத்துக்கு மட்டும் மதிப்பு குறைவா? ரூத் இப்படித்தான் வழக்கைப் பார்த்தார். 1975-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாகத் தகப்பனாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது.

கணவர் பெட்டி கட்டினார்

1980-ல் ஜனாதிபதி கார்ட்டர், ரூத்தை வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு நீதிபதியாக நியமித்தார். இப்போது என்ன செய்வது? மார்ட்டினுக்கு நியூயார்க்கில் நிலைத்த தொழில். கொலம்பியாவில் பேராசிரியர் பதவியும் கிடைத்து இருந்தது.

மார்ட்டின் யோசிக்கவில்லை. நியூயார்க் வேலையை விட்டார். மனைவியோடு வாஷிங்டனுக்குக் குடிபோனார். அங்கே ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லித் தந்தார். என் மனைவிக்கு வாஷிங்டனில் நல்ல வேலை கிடைத்தது, அதனால் வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஊரார் இதை நம்பவில்லை. நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் போய் வந்து கொண்டு இருப்பது கஷ்டமாக இல்லையா என்று ரூத்திடம் விசாரித்தார்களாம்! மனைவிக்காகக் கணவர் ஊரை மாற்றுவார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் மனைவி வேலையை விட்டுவிட்டுப் பாத்திரம் பண்டம் கட்டுவதை நாமும் எத்தனை தடவை பார்த்து இருக்கிறோம்! மறுபுறமாக எத்தனை தடவை பார்த்தோம்?

ரூத்துக்கு முன்பே, 1981-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி ஆனவர் சாண்ட்ரா டே ஓகானர். அவருடைய கணவரும் சொந்த ஊரில் இருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மனைவியோடு வந்தவர்தான். பிறகு அந்தக் கணவருக்கு ஞாபக மறதி நோய் வந்தது. அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று 2006-ல் ஓகானர் அந்தப் பெரிய பதவியை விட்டு இறங்கினார்.

1993-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஓர் இடம் காலி ஆயிற்று. ரூத் தம்மைப் பற்றித் தாமே பேசமாட்டார். மார்ட்டின் சும்மா இருப்பாரா? தமக்குத் தெரிந்த பேராசிரியர்கள், வக்கீல்கள், பிரமுகர்கள் எல்லோரிடமும் பேசினார். ஜனாதிபதிக்கு எழுதும்படி கேட்டார். கடிதங்கள் குவிந்தன. ஜனாதிபதி கிளிண்டன் ரூத்தை நியமித்தார். செனட் சபையில் ஆதரவாக 96 ஓட்டு. எதிர்ப்பு 3 ஓட்டு.

மனைவி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி; கணவர் வீட்டுச் சமையல்காரர்! மார்ட்டினுக்கு இதில் துளியும் வெட்கம் இல்லை. மனைவியின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளம் வக்கீல்களுக்குப் பிறந்த நாள் வந்தால், தம் கையாலேயே கேக் செய்து அனுப்புவார். நீதிபதிகளின் மனைவிமார்கள் கூடும் விருந்துக்கும் சமைத்து எடுத்துப் போவார். ரூத்துக்கு வேலையில் மூழ்கிவிட்டால் பசி தெரியாது, நேரம் தெரியாது. சாப்பிட வா, தூங்கப் போ என்று இழுத்து வருவது மார்ட்டின் வேலை.

தமது தொழிலையும் அவர் விட்டுவிடவில்லை. வரிச் சட்டத்தில் அவரைத் தேடித்தான் எல்லோரும் வந்தார்கள். தமது இடம் எது என்று தெளிவாகத் தெரிந்து இருந்ததால்தான், மனைவியின் புகழைக் கண்டு அவருக்குக் கலக்கம் வரவில்லை என்று தோன்றுகிறது.

அலமாரியில் இருந்த கடிதம்

1999-ல் ரூத்துக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை நடந்தபோதும் ஒரு நாள்கூடக் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை. 2009-ல் கணையத்தில் மீண்டும் புற்றுநோய். இரண்டு தடவையும் மார்ட்டின் பக்கத்தில் இருந்தார்.

மறு ஆண்டு அவர் முறை வந்தது. வாலிபத்தில் ஓடிப்போன நோய், வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. இனி ஒன்றும் செய்வதற்கு இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போவதற்காக, ஆஸ்பத்திரியில் அவர் பொருள்களை ரூத் எடுத்து வைத்தார். படுக்கைக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு கடிதம்.

மார்ட்டின் தம் கையால் எழுதியது. பெற்றோரையும் பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் தவிர, தாம் வாழ்க்கையில் நேசித்த ஒரே ஆள் நீதான் என்று எழுதி இருந்தார். கல்லூரியில் பார்த்த நாள் முதல் உன்னை வியந்து வருகிறேன், நீ உச்சிக்கு ஏறியதைப் பார்க்கக் கொடுத்து வைத்தேன் என்று எழுதி இருந்தார்.

2010-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி மார்ட்டின் இறந்தார். 56-வது திருமண நாள் முடிந்து நாலே நாள்.

மறுநாள் காலை சுப்ரீம் கோர்ட்டு கூடியது. அந்த ஆண்டின் கடைசி நாள். ரூத் எழுதிய தீர்ப்பு ஒன்று அன்று சொல்லப்பட வேண்டும். 77 வயது அம்மையார் வந்து தமது நாற்காலியில் உட்கார்ந்தார். தீர்ப்பை வாசித்தார்.

அடுத்த ஆண்டு ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. மார்ட்டினின் சமையல் முறைகளைச் சேர்த்து, மற்ற நீதிபதிகளின் வீட்டார் கூடித் தயாரித்தது. அது சுப்ரீம் கோர்ட்டுக் கட்டிடத்தில் உள்ள கடையிலேயே விற்பனைக்கு வைக்கப்பட்டது.

ரூத் அதன் பிறகு பத்து ஆண்டுகள் நீதிபதியாக இருந்தார். 2020-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி காலமானார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் மார்ட்டினுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

மார்ட்டின் போன பிறகு, சமைக்கத் தெரியாத அந்த அம்மையாருக்குச் சாப்பாடு யார் கொடுத்தது என்று கேட்கிறீர்களா? மகள் ஜேன்தான். கொலம்பியா சட்டக் கல்லூரியில் பேராசிரியை. மாதம் ஒரு தடவை நியூயார்க்கில் இருந்து வருவார். அப்பா நின்ற அதே சமையலறையில் நின்று, ஒரு மாதத்துக்கு வேண்டியதைச் சமைப்பார். பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் குளிர்பெட்டியில் அடுக்குவார். சூடு செய்து சாப்பிடுவது மட்டும் அம்மாவின் வேலை.